அம்பாசடரின் கியர், டிம் சுவிட்ச், சோக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பழைய அம்பாசடர் ஒன்று நிற்கிறது, ஓட்டிப் பார்த்தால் கையும் காலும் ஒத்துழைக்கவில்லை என்பவர்களுக்கான பக்கம் இது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான வண்டி. இத்தனை வருடத்தில் உள்ளே எத்தனையோ மாறியிருக்கிறது. இங்கே பேசுவது பெரும்பாலும் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் ஹேண்ட் கியரும் (ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும் கியர்) உள்ள வண்டிகளைப் பற்றி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொல்லை என்று நீங்கள் நினைப்பதில் பாதிக்கு மேல் தேய்மானம். வடிவமைப்பின் மேல் பழி போட்டு எதையும் வெட்டி ஒட்டுவதற்கு முன், அது புதிதில் எப்படி வேலை செய்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம்.

இன்றைய கார் ஓட்டிப் பழகியவன் நான். இதில் எல்லாமே இடம் மாறி இருக்கிறதே?

ஆமாம். கியர் ஸ்டீயரிங்கின் இடப்பக்கம், ஹெட்லைட்டை டிம், பிரைட் மாற்றும் டிம் சுவிட்ச் கிளட்சுக்கு இடப்பக்கம் தரையில், விளக்கும் வைப்பரும், குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கும் டேஷ்போர்டில் நாப்களாக. இதற்கெல்லாம் ஒரு காரணம் உண்டு. முன்னால் ஒரே பெஞ்சு சீட், மூன்று பேர் உட்கார வேண்டும். தரையில் கியர் கம்பு இருந்தால் நடுவில் இருப்பவர் காலை எங்கே வைப்பார்?

வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணை ரோட்டில் வைத்திருப்பது போல நேராகப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பழகுங்கள். விளக்கு, வைப்பர், டிம், ஹார்ன், இண்டிகேட்டர். குனியாமல் கை போய்ச் சேர்ந்தால்தான் சாலைக்கு எடுக்க வேண்டும். மழையில் வைப்பர் நாப்பைத் தேடிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போகும் அனுபவம் யாருக்கும் வேண்டாம்.

ஹேண்ட் கியர் கொழகொழவென்று ஆடுகிறது. எந்த கியரில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. பழைய வண்டி என்றால் இப்படித்தானா?

இல்லை. நல்ல நிலையில் இருக்கும் ஹேண்ட் கியர் இரண்டு விரலில் விழும். இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இது என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

கியர் பிடி இரண்டு வேலை செய்கிறது. பிடியைத் தன் பக்கம் இழுப்பதும் தள்ளுவதும் எந்த ஜோடி கியர் என்று தேர்ந்தெடுக்கிறது. மேலே கீழே அசைப்பது அந்த ஜோடியில் ஒன்றைப் போடுகிறது. இந்த இரண்டு அசைவும் ஸ்டீயரிங் கம்பியை ஒட்டிக் கீழே இறங்கி, சிறு லிவர்கள், ராடுகள் வழியாக கியர் பெட்டிக்குப் போய்ச் சேருகின்றன. இந்த இணைப்புக்குத்தான் லிங்கேஜ் என்று பெயர். வழியில் உள்ள ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ் (பின்னைச் சுற்றி இருக்கும் சிறு குழல்), ஒரு பின். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தாலும் எல்லாம் கூடி, பிடியின் முனையில் அங்குலக் கணக்கில் பிளே, அதாவது வெற்று ஆட்டம், ஆகிவிடும்.

செய்ய வேண்டியது: ஒருவரை உள்ளே உட்கார வைத்து, இன்ஜின் அணைந்த நிலையில் கியரை அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து, பிறகு வண்டிக்கு அடியில் போய், எந்த மூட்டில் ஒரு பக்கம் நகர்ந்தும் மறுபக்கம் நகரவில்லை என்று பாருங்கள். அந்தப் புஷ், பின்களை மட்டும் மாற்றினாலே போதும். கடையில் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் பித்தளையிலோ நைலானிலோ கடைந்து தருவார்கள். பின் ஓவலாகத் தேய்ந்திருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றிப் பயனில்லை, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அதன் பிறகு அட்ஜஸ்ட்மென்ட். கியர் பெட்டி நியூட்ரலில், மேலே பிடியும் நியூட்ரலில் இருக்கும்போது ராடின் முனை அதன் இடத்தில் இழுக்காமல், தள்ளாமல், தானாகப் போய் உட்கார வேண்டும். அப்படி வரும்வரை ராடின் நீளத்தைத் திருகிச் சரிசெய்து லாக் நட்டை இறுக்க வேண்டும். பல மெக்கானிக்குகள் புஷ் மாற்றாமல் நேராக இந்த நட்டுக்குத்தான் போவார்கள். அதனால்தான் பத்து நாளில் மறுபடி ஆடுகிறது.

கியர் போடும்போது கரகரவென்று பல் கடிக்கிறது. அதுவும் லிங்கேஜ்தானா?

அநேகமாக இல்லை. முதலில் கிளட்சைப் பாருங்கள். இன்ஜின் ஐடிலில் ஓட, கிளட்சை முழுதாக மிதித்து, சில நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. கியரைத் திட்டிப் பயனில்லை.

இன்னொன்று: பழைய நான்கு கியர் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன்செய்து உரசாமல் விழ வைக்கும் அமைப்பு) கிடையாது. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்கினால் கடிக்கத்தான் செய்யும். முழுதாக நின்ற பிறகு போடுங்கள், அல்லது இரட்டைக் கிளட்ச் (நியூட்ரலுக்கு ஒருமுறை, கியருக்கு ஒருமுறை என கிளட்சை இருமுறை மிதிப்பது) பழகுங்கள். பழைய டிராவல்ஸ் டிரைவர்கள் யாராவது தெருவில் இருந்தால் அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள், ஒரு டீக்கு.

சிக்னலில் கியர் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பலத்தைக் காட்டாதீர்கள், பிடி வளையும். ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். ஸ்டீயரிங் கம்பியின் அடிப்பகுதியில் உள்ள சிறு லிவர்களில் ஒன்று நேர்கோட்டிலிருந்து விலகி நிற்பது கண்ணுக்கே தெரியும். கையால், அல்லது ஒரு ஸ்குரூடிரைவரால், அதை நடுநிலைக்குத் தள்ளினால் டொக் என்று விழும். சைலன்சர் பக்கம் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொப்பளித்துவிடும். ஒருமுறை இப்படி ஆனால் தற்செயல் என்று விடலாம். அடிக்கடி ஆனால் மேலே சொன்ன புஷ் வேலைக்கு நேரம் வந்துவிட்டது.

பேசாமல் ஃப்ளோர் கியராக மாற்றிவிடலாமா?

மாற்றலாம், நிறைய பேர் மாற்றியிருக்கிறார்கள். இசுசு 1.8 லிட்டர் இன்ஜினோடு வந்த பிற்கால வண்டிகளில் ஐந்து கியர் பெட்டியும் தரையில் கியரும் இருந்ததால், அந்தச் செட்டை எடுத்து மாட்டுவது வழக்கம். ஆனால் கியர் கம்பை மட்டும் தரைக்குக் கொண்டுவருவது என்று நினைத்து இறங்கினால் வேலை நீண்டுகொண்டே போகும். தரையில் ஓட்டை வெட்ட வேண்டும். கியர் பெட்டியைத் தாங்கும் மவுண்ட் மாறும். கியர் பெட்டியிலிருந்து பின்பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறலாம், மாறினால் அதை வெட்டி ஒட்டிய பிறகு பேலன்ஸ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் வண்டியே அதிரும். ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். கடைசியில் பெஞ்சு சீட்டையும் எடுத்தாக வேண்டும்.

என் கருத்து: இன்ஜினும் மாற்றப் போகிறீர்கள் என்றால் கூடவே செய்யுங்கள். கியர் ஆடுகிறது என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்தச் செலவில் ஒரு சிறு பங்குக்கு லிங்கேஜ் முழுவதையும் புதிதாக்கிவிடலாம். மீறிச் செய்பவர்கள், வெட்டிய தகட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஓட்டைக்கு மேல் வரும் மூடியை வெல்டு வைக்காமல் போல்ட்டில் மாட்டுங்கள்.

இதெல்லாம் சட்டப்படி சரியா? ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அடிப்படை அம்சம் மாறும் அளவுக்கு அமைப்பை மாற்றுவதைத்தான் அது மாற்றம் என்று கருதுகிறது. ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்), நாப், புஷ், சார்ஜர் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. இன்ஜின் மாற்றம் வரும், எரிபொருள் மாற்றம் வரும். பெஞ்சை எடுத்து பக்கெட் சீட் போடும்போது எத்தனை பேர் அமரலாம் என்ற எண்ணிக்கை ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது வயது தாண்டிய வண்டி என்றால் 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதியையும் மனதில் வையுங்கள். அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், நம்பரில் 'விஏ' எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். தினமும் காய்கறி வாங்கப் போகும் வண்டியை அதில் சேர்க்காதீர்கள்.

தரையில் இருக்கும் டிம் சுவிட்ச் பாதி நேரம் வேலை செய்வதில்லை. அதை ஸ்டீயரிங்குக்கு மாற்ற வேண்டுமா?

அந்த சுவிட்ச் இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மழைக்காலச் செருப்பின் சேறு, தரைவிரிப்பின் ஈரம், கதவு ரப்பர் வழியாக வரும் தண்ணீர் எல்லாம் அதன் தலையில்தான். உள்ளே துரு பிடித்து, அழுத்தினால் சிக்கிக்கொள்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து, டெர்மினல்களை உப்புத்தாளில் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். வராவிட்டால் புது சுவிட்ச். மூன்று ஒயர்தான்: ஒன்று உள்ளே வருவது, ஒன்று டிம், ஒன்று பிரைட். விரிப்பில் சுவிட்சுக்காக வட்டமாக வெட்டி விடுங்கள். சுவிட்சின் மேல் விரிப்பு ஏறி உட்காருவது இன்னொரு காரணம்.

பழகினால் கால் சுவிட்ச் உண்மையில் நல்ல ஏற்பாடு. வளைவில் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கும்போதே எதிரே வருபவருக்கு டிம் அடித்துக் கொடுக்கலாம். அதன் ஒரே குறை, பகலில் ஓவர்டேக் எடுக்கும்போது சட்டென்று ஒரு மின்னல் அடித்துக் காட்ட முடியாது. அதற்கு சுவிட்சை இடம் மாற்ற வேண்டியதில்லை. அழுத்தும்வரை மட்டும் எரியும் ஒரு சின்ன பட்டனை டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் ஒரு கிளாம்ப்பில் மாட்டி, பிரைட் விளக்கின் ரிலேவைத் தூண்டும்படி ஒயர் கொடுத்தால் போதும்.

ரிலேவா? என் வண்டியில் ரிலேவே இல்லையே.

அதுதான் அடுத்த பிரச்சினை. ராத்திரி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு விளக்கு நாப்பைத் தொட்டுப் பாருங்கள், சுடும். பழைய வயரிங்கில் ஹெட்லைட்டின் மொத்தக் கரண்டும் அந்த நாப் வழியாகவும், கால் சுவிட்ச் வழியாகவும்தான் போகிறது. 60/55 வாட் ஹாலஜன் இரண்டு போட்டால் பிரைட்டில் 120 வாட், அதாவது 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். ஐம்பது வருடத் துரு பிடித்த டெர்மினல்களுக்கு இது அதிகம். நடுவில் வோல்ட் இறங்கி, பல்பு மஞ்சளாக எரியும். பத்து சதவீத வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். உடனே நம்மவர்கள் 100/90 வாட் பல்பு மாட்டுவார்கள். 16 ஆம்பியருக்கு மேல். ஒயர் உருகும், எதிரே வருபவர் கண்ணும் போகும், சட்டத்துக்கும் ஒவ்வாது.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போதும். ரிலேயில் 85, 86 என்று போட்டிருப்பவை காயில். 30, 87 என்பவை கரண்டு போகும் வழி. கால் சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயர் காயிலை மட்டும் தூண்டட்டும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் புது ஒயர், ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக விளக்குக்குப் போகட்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும், ரிலேவுக்குப் பக்கத்தில் அல்ல. எர்த் ஒயரையும் புதிதாகப் போடுங்கள். அதை மறந்தவர்கள் பாதி வெளிச்சத்தோடு திரும்பி வருவார்கள். பழைய ஒயர் எதையும் வெட்டாமலே இவ்வளவும் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. மிகப் பழைய பிரிட்டிஷ் வம்சத்து வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகியிருக்கலாம். எதை மாட்டும் முன்பும் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிடுங்கள். ரிலே தாங்கும், எலக்ட்ரானிக் சாமான் எதுவும் தாங்காது.

இண்டிகேட்டருக்கு எல்.இ.டி. மாட்டினேன். மின்னவே இல்லை, அல்லது படபடக்கிறது.

இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பழைய ஃப்ளாஷர் சூட்டில் வேலை செய்கிறது. இரண்டு 21 வாட் பல்பு இழுக்கும் மூன்றரை ஆம்பியரில் உள்ளே தகடு சூடாகி விலகி, ஆறிச் சேரும். எல்.இ.டி. அவ்வளவு இழுக்காததால் தகடு சூடாவதே இல்லை. எல்.இ.டி.க்கான எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வாங்கி மாட்டுங்கள். விலை குறைவு. ரெசிஸ்டர் வைத்துச் சூடேற்றச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள்.

வளைந்த பிறகு லிவர் தானாகத் திரும்பாவிட்டால் அதன் பல் உடைந்திருக்கிறது. அது கிடைக்கும்வரை இண்டிகேட்டர் ஒயரில் ஒரு சின்ன பஸ்ஸர் போட்டு வையுங்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் இரண்டு கிலோமீட்டர் வலது இண்டிகேட்டரோடு போக மாட்டீர்கள்.

எல்லா நாப்பும் ஒரே மாதிரி இருக்கிறது. இருட்டில் விளக்கை அணைக்கப் போய் சோக்கை இழுத்துவிடுகிறேன்.

பார்த்துத் தெரிய வைப்பதைவிட தொட்டுத் தெரிய வைப்பது மேல். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், வெயிலில் உரியும். விளக்கு நாப்பில் ஒரு சொட்டு எபாக்ஸி, வைப்பர் நாப்பில் ரப்பர் வளையம், சோக்கை வெறுமனே விடுங்கள். கை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். நாப் தொலைந்திருந்தால் ஒரே வடிவத்தில் மூன்றையும் மாற்றாமல் வேறு வேறு வடிவத்தில் மாற்றுங்கள். அசல் வேண்டும் என்பவர்கள் சென்னையில் புதுப்பேட்டையில் தேடலாம், ஆனால் பொறுமை வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் புது ஸ்பேர் கேட்டுப் பாருங்கள்.

சோக் பற்றி: சென்னை வெயிலில் பெரும்பாலான நாட்கள் அது தேவையே படாது. ஊட்டியில் காலை ஆறு மணிக்கு தேவைப்படும். இழுத்ததை உள்ளே தள்ள மறந்தால் பெட்ரோல் வீணாவதோடு, பிளக் கறுத்து, சிலிண்டர் சுவரில் ஆயிலைக் கழுவிவிடும். நாப் உள்ளே போகாமல் பாதியில் நின்றால் கேபிளைக் கழற்றி உறைக்குள் ஆயில் விட்டுப் பாருங்கள். பிரிபிரியாக இருந்தால் அளவு கொடுத்து புதிதாகச் செய்துகொள்ளலாம்.

வைப்பரில் இடைவெளி விட்டு அடிக்கும் வசதி சேர்க்கலாமா?

சேர்க்கலாம், டைமர் ரிலே கடைகளில் கிடைக்கிறது. ஆனால் முதலில் உங்கள் மோட்டாரில், பிளேடை ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் பார்க் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் டைமர் நிறுத்தும் இடத்தில், கண்ணாடிக்கு நடுவிலேயே பிளேடு நின்றுவிடும். வைப்பர் மெதுவாகப் போகிறது என்றால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் லிங்கேஜின் மூட்டுகளுக்கு கிரீஸ் வையுங்கள்.

ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் மாட்டலாமா? அல்லது சின்ன ஸ்டீயரிங்?

சின்ன ஸ்டீயரிங் இன்னும் கனமாக்கும். பெரிய வட்டம் கொடுத்ததே அதற்காகத்தான். டயர் காற்று, அலைன்மென்ட், முன்பக்க கிரீஸ் நிப்பிள்கள் இந்த மூன்றையும் பாருங்கள். வருடக்கணக்கில் கிரீஸ் பார்க்காத முன்பக்கம் வண்டியை டிராக்டராக்கிவிடும்.

சின்னக் கார்களில் இருந்து எடுத்த எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கை மாட்டித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. அதற்கு ஸ்டீயரிங் கம்பியை வெட்டி வெல்டு வைக்கிறார்கள். அந்த வெல்டு விட்டால் வண்டி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. சரியான ஸ்ப்ளைன் மூட்டு (பல்லோடு பல் பொருந்தும் இணைப்பு) போட்டுத் தருகிறார்களா என்று கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் குள்ளம், கணவர் உயரம். பெஞ்சு சீட்டில் இருவருக்கும் ஒத்துவரவில்லை.

பெஞ்சு ஒரே பலகையாக நகர்வதால் ஓட்டுபவருக்கு முன்னால் இழுத்தால் பக்கத்தில் இருப்பவரின் முட்டி டேஷ்போர்டில் இடிக்கும். உயரம் குறைந்தவர் சீட்டை நகர்த்துவதைவிட முதுகுக்குப் பின்னால் கெட்டியான தையல் மெத்தை ஒன்றைப் பட்டை வைத்துக் கட்டிக்கொள்வது நல்லது. கட்டாத தலையணை வேண்டாம், பிரேக் மிதிக்கும்போது நழுவும். பெடலுக்கு மேல் கட்டை வைத்து உயர்த்துவது எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

போன் சார்ஜர் எங்கே மாட்டுவது?

ஃபியூஸ் இல்லாமல் விளக்கு ஒயரில் சொருகாதீர்கள். பழைய வண்டியில் ஃபியூஸே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். அதில் ஒன்று போனால் பாதி வண்டி இருட்டாகிவிடும். பேட்டரியிலிருந்து தனி ஒயர், 5 ஆம்பியர் ஃபியூஸ், சாவியோடு இயங்கும் ரிலே. சாக்கெட்டை டேஷ்போர்டில் துளையிடாமல், அடியில் ஒரு தகட்டுக் கிளாம்ப்பில் தொங்கவிடுங்கள். டைனமோ உள்ள வண்டி என்றால் ஐடிலில் சார்ஜ் மிகக் குறைவு என்பதையும் மறக்காதீர்கள்.

வண்டியை விற்கப் போகிறேன். செய்த மாற்றங்களை எல்லாம் பழையபடி ஆக்க வேண்டுமா?

வேண்டாம். ரிலேக்களை அப்படியே விடுங்கள், வாங்குபவர் நன்றி சொல்வார். கழற்றிய அசல் நாப், சுவிட்ச், ஃப்ளாஷர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு டிக்கியில் வையுங்கள். எந்த நிற ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று கையால் வரைந்த ஒரு தாளையும் பெட்டிக்குள் போடுங்கள். அடுத்த எலக்ட்ரீஷியன் ஒயர்களை வெட்டித் தேடாமல் இருக்க அந்தத் தாள் ஒன்றே போதும்.